பள்ளிக்கூடமும் பறிபோன நிலமும்: திருச்சபை–பழங்குடியினர் ஒப்புரவு குறித்து

 

திருச்சபை வரலாறு எழுதுவோர் நடுவே ஒரு பழைய வழக்கு உண்டு. அவையில் பாதிப் பேருக்கு அது தெரியும். மிஷன் பள்ளிகள் பழங்குடிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தந்தன, அதோடு கணக்கு நேராகிவிட்டது என்பது ஒரு தரப்பு. இந்த உரை அதை ஏற்கவில்லை; நிலம் பறிபோனபோது திருச்சபை எந்தப் பக்கம் நின்றது என்றும் கேட்கிறது. பாவசங்கீர்த்தனம் செய்தவருக்கே பரிகாரக் கடன் உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். திருச்சபை என்ற நிறுவனத்துக்கு மட்டும் எப்படி விலக்கு?

முண்டாப் பழங்குடியினரின் கிளர்ச்சித் தலைவர் பிர்சா முண்டாவைப் பார்ப்போம். 1875இல், இன்றைய ஜார்க்கண்டின் உலிஹாத்துவில் பிறந்தவர். பையனின் சூட்டிகையைக் கண்ட சால்கா ஊர் ஆசிரியர் ஜெய்பால் நாக், ஜெர்மானிய மிஷன் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார். ஞானஸ்நானம் பெற்று பிர்சா தாவீது ஆகி, 1886 முதல் 1890 வரை சாய்பாசாவில் படித்தார். முண்டாக்கள் அன்று மிஷனை நாடியதற்கு வேதம் மட்டும் காரணமல்ல. முன்னோர் காடு திருத்தி உண்டாக்கிய குந்த்கட்டி நிலம் ஜமீன்தாரிடமும் வட்டிக்காரரிடமும் போய்க்கொண்டிருந்தது. பாதிரியார் சொன்னால் சர்க்கார் கச்சேரி கேட்கும் என்று நம்பினார்கள். நம்பிக்கை பொய்த்தது. நிலத்துக்காக மனுப்போட்டு வந்த முண்டாத் தலைவர்களான சர்தார்கள் மிஷனோடு முறித்துக்கொண்டதும், பாதிரியார் நோட்ரொட் அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று ஏசினார். கேட்டுக்கொண்டிருந்த மாணவன் எதிர்த்துப் பேசினான். பள்ளி அவனை வெளியேற்றியது.

பாடம் சொல்லிக்கொடுத்ததில் அந்தப் பள்ளிக்குக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 1899இல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பிர்சாவின் தலைமையில் கிளர்ந்தெழுந்த முண்டாக்கள் எய்த அம்புகள் மிஷன் வளாகங்களையும் தேடி வந்தன. 1900 ஜூன் 9இல் அவர் ராஞ்சி சிறையில் இறந்தார். கணக்கு நேராகிவிட்டது என்கிற நண்பர்கள் இந்த அம்புகளை எந்தப் பத்தியில் எழுதுவார்களோ!

வேறு வழியில் நடந்தவர்களும் உண்டு. 1885இல் அதே வட்டாரத்துக்கு வந்த பெல்ஜிய சேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் குத்தகைச் சட்டத்தைக் கற்றார். நில வாரம், வெட்டி வேலை வழக்குகளில் குடியானவர் பக்கம் நின்றார். அதே சபையின் ஹாஃப்மன், 1908இன் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டத்தில் குந்த்கட்டி உரிமை இடம்பெற உழைத்தார். மறு ஆண்டே கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். மதம் மாற்றத்தானே என்பார்கள். இருக்கட்டும், அந்தச் சட்டம் இன்றும் நிற்கிறது. திருச்சி மாவட்டத்துக்காரரும், 2021இல் விசாரணைக் கைதியாகவே இறந்தவருமான சேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி ஜார்க்கண்டில் நடந்ததும் அந்த வழியில்தான்.

திருச்சபையின் தலைமையே மன்னிப்புக் கேட்டதும் உண்டு: 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் கனடாவின் மாஸ்குவாசிஸுக்குப் போய், உறைவிடப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அது தனி உரைக்குரியது.

நம் பக்கத்துக் கல்வராயன் மலையைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஜாகிர்களின் கீழிருந்த மலையாளிப் பழங்குடி மக்களின் நில வரலாற்றை யாரேனும் எழுத வேண்டும்; முதியவர்களின் வாய்மொழியை முதலில் பதிவுசெய்யலாம். மலைப் பிள்ளைகளைச் சேர்க்கும் சமவெளிக் கிறிஸ்தவப் பள்ளிகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு. எஸ்.டி. சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையும் பெற்றோரோடு பள்ளியிலிருந்து யாராவது கூடப் போகிறார்களா? 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதித்தர ஆள் இருக்கிறாரா? விடுதிகளைப் பற்றியும் பேச வேண்டும். மற்றவை அடுத்த ஆண்டுப் பேச்சாளருக்கு.