கட்டணம் ஒழிந்தாற் போதுமா?



கல்வி ஒவ்வொருவருக்கும் உரியது, ஆரம்பக் கல்வியேனும் இலவசமாதல் வேண்டும் என ஐக்கிய நாடுகள் சபை 1948 இல் பிரகடனஞ் செய்தது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1945 இல், கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி மலர்ந்தது. அதன் பயனை நுகர்ந்தவர்கள் நாம். எனவே, அது கிட்டாத பிள்ளைகளுக்காகப் பேசுதல் நமது கடமையாகும்.

ஆபிரிக்காவை நோக்குவோம். உகண்டா 1997 இலும் கென்யா 2003 இலும் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை நீக்கின. கென்யாவில் மாத்திரம் ஒரே ஆண்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தனர். இதனால் நாம் அறிவது யாது? அப்பெற்றோருக்குக் கல்வியில் ஆசை இல்லாமலில்லை. கையிலே பணந்தான் இல்லை.

ஆயின், மாணவர் பெருகிய வேகத்தில் ஆசிரியரும் வகுப்பறைகளும் பெருகவில்லை. நூறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை பல பள்ளிகளில் உண்டாயிற்று. விதைநெல்லைத் தந்து வாய்க்காலை மறித்தால் பயிர் விளையுமா? கமக்காரர் அறிவர்.

ஆப்கானிஸ்தானிலோ ஆட்சியாளரே வாயிலை அடைத்தனர். 2021 இல் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளின் கல்வியை மறித்தனர்; 2022 டிசெம்பரில் பல்கலைக்கழகங்களையும் பெண்களுக்கு மூடினர்.

உலகில் ஏறத்தாழ 25 கோடிப் பிள்ளைகளும் இளைஞரும் பள்ளிக்கு வெளியே நிற்கின்றனர் என யுனெஸ்கோ 2023 இல் கணக்கிட்டது.

அன்பர்களே! சட்டம் கதவைத் திறக்கும்; பாடஞ் சொல்ல ஆசிரியர் வேண்டும். இலவசம் என்ற சொல்லோடு நாம் மனநிறைவடையலாகாது. நமது ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் போதியளவு உளரா என்பதையும் கேட்போம், கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.