எஞ்சின் விளக்கு எரிந்தால் முதலில் என்ன செய்வது?

(அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)





காரைப் பற்றிப் பேச வந்த நான் மெக்கானிக் அல்ல. பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு தவறு செய்து, அதில் பாடம் கற்றவன். அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்பதற்காகவே நிற்கிறேன்.

என் மாமியாருக்கு வாரம் இருமுறை திருச்சியில் டயாலிசிஸ். பெரம்பலூரிலிருந்து நாங்கள்தான் காரில் அழைத்துப் போவோம். ஒருநாள் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கோளாறு எண்ணை வீட்டிலேயே படிக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கினேன். போனில் பி0171 என்று வந்தது. தேடிப் பார்த்ததில் 'ஆக்சிஜன் சென்சர்' என்ற வார்த்தை முதலில் கண்ணில் பட்டது. ஒர்க்ஷாப்புக்குப் போய், "அண்ணே, சென்சரை மாத்திடுங்க" என்றேன். "ஒரு தடவை பாத்துட்டு மாத்தலாமே பாய்" என்றார் அவர். நான் கேட்கவில்லை. 4,200 ரூபாய் செலவு.

மூன்றாம் நாள் மாமியை அழைத்துக்கொண்டு பாடாலூர் தாண்டும்போது அதே விளக்கு. வண்டி இழுக்கவில்லை. ஓரமாக நிறுத்தி, வேறு வண்டி பிடித்து, இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தத் தாமதம் எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் அதே மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டார். காற்று போகும் ரப்பர் குழாய் ஒன்றில் விரிசல். 80 ரூபாய்க் குழாய். அவர் சொன்னது இன்றும் மனதில் நிற்கிறது: "பாய், சென்சர் பொய் சொல்லல. காத்து அதிகமா வருதுன்னு உண்மையத்தான் சொல்லியிருக்கு. உண்மை சொன்னவனைத் தூக்கிப் போட்டுட்டீங்களே."

இதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி. கோளாறு எண் ஒரு புகார். எந்த இடத்திலிருந்து புகார் வருகிறது என்று அது காட்டும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது தீர்ப்புச் சொல்லாது.

உங்கள் காரில் இந்த வசதி உண்டா?

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800, பழைய அம்பாசடர் டீசல் போன்றவற்றில் எஞ்சினைக் கவனிக்கும் கணினியே இல்லை. அங்கே காதும் கையும்தான் கருவி. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களுக்கும் 'ஓபிடி 2' என்ற பொது முறை கட்டாயமானது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் ஓபிடி 2 ஆகவும் வந்தது. ஆனால் பாரத் ஸ்டேஜ் 4 முதலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்குத்தான். நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். ஆகவே கார் வாங்கிய வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். 16 துளைகள் உள்ள சாக்கெட் இருந்தால் பெரும்பாலும் கருவி பேசும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்துப் பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்கள் சிலவற்றில், சோதனை முனையை இணைத்தால் எஞ்சின் விளக்கே விட்டு விட்டு மின்னி எண்ணைச் சொல்லும். பழைய சுசுகி எஞ்சின்களில் ஒரு மின்னல், சிறு இடைவெளி, பிறகு இரண்டு மின்னல் என்றால் எண் 12. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். எந்த முனையை எதோடு இணைப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் புத்தகம் பார்க்காமல் ஒயரைச் சொருகினால் கணினியே போய்விடும்.

படிப்பது எப்படி?

'ஈஎல்எம் 327' வகைக் கருவிகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்குப் பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள். வண்டியை நிறுத்தி, கருவியைச் சொருகி, சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, புளூடூத்தில் போனை இணைத்து, செயலியைத் திறந்தால் எண் வரும். அந்த எண்ணையும், தேதி, ஓடிய கிலோமீட்டர், விளக்கு எரிந்தபோது மேட்டில் ஏறினீர்களா, மழையா, ஏசி ஓடியதா என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விளக்கு எரிந்த கணத்தின் வேகம், சூடு போன்றவற்றைக் கணினியும் சேர்த்து வைத்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற பகுதியில் அதைப் பார்க்கலாம். படித்து முடித்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே விட்டால் பேட்டரியைத் தின்னும்.

'அழி' என்ற பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். எண்ணோடு அந்தக் குறிப்புகளும் போய்விடும். மெக்கானிக் இருட்டில் தேட வேண்டியதாகிவிடும்.

எண்ணின் முதல் எழுத்து 'பி' என்றால் எஞ்சின், கியர் சார்ந்தது. அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். 1 வந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்த எண். மூன்றாம் இடத்தில் 1 காற்றும் எரிபொருளும், 3 தீப்பொறி, 4 புகைக் கட்டுப்பாடு.

நம் ஊரில் அதிகம் வருபவை

அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் ஓடும் சாலைகளில் தினமும் போகிறவர்களுக்கு பி0101 வரலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சரின் புகார் இது. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் இந்தத் தூசிக்குப் பொருந்தாது.

டீசல் காரில் பி0087 என்றால் எரிபொருள் அழுத்தம் குறைவு. பம்பை மாற்றும் முன் டீசல் ஃபில்டரைப் பாருங்கள்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் தீ சரியாகப் பிடிக்கவில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியில், முதல் காயிலையும் இரண்டாவதையும் மெக்கானிக்கிடம் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். எண் பி0302 ஆக மாறினால் குற்றவாளி அந்தக் காயில். மாறாவிட்டால் பிளக்கையும் மற்றதையும் பார்க்க வேண்டும். பைசா செலவில்லாத சோதனை.

லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் அத்தாவோ மகனோ வளைகுடாவில் இருக்க, கார் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். விடுமுறையில் வந்து ஸ்டார்ட் செய்தால் ஒரே நேரத்தில் நான்கைந்து எண்கள் வரும். பயப்படாதீர்கள். முதலில் பேட்டரியை அளக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 இருக்க வேண்டும். மின்சாரம் குறைந்தால் நல்ல சென்சரும் தப்பாகப் பேசும். பி0562 வந்தால் அதுவே அந்தப் புகார். பேட்டரி நன்றாக இருந்து பி0118 வந்தால், சூடு காட்டும் சென்சரின் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் சகோதரிகள் வாரம் ஒருமுறை வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்தாலே இதில் பாதி வராது.

எப்போது நிறுத்த வேண்டும்?

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல ஓடினால் மெதுவாக வீடு வந்து சேரலாம். ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். மின்னி மின்னி எரிந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போகிறது. அது சூடாகிக் கெட்டுவிடும். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். சிவப்பு ஆயில் விளக்கோ, சூட்டு விளக்கோ எரிந்தால் கருவியைத் தேடாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தால் வீட்டில் கை வைக்கவே வேண்டாம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்கிறவர் முந்தின நாள் எண்களை அழித்திருக்கலாம். செயலியில் 'ரெடினெஸ்' என்ற பகுதியில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டவிட்டு மறுபடி பாருங்கள். நாம் விற்கும்போதும் இதே நியாயம்தான். பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று நம் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது. அழித்துவிட்ட எஞ்சின் விளக்கும் மறைத்த குறைதான்.

கடைசியாக, மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது? நான் பேசியதுபோல் பேசாதீர்கள். "இந்த எண் வந்திருக்கு, இந்த நேரத்துல வந்துச்சு, என்ன காரணமா இருக்கும்? எதைச் சோதிச்சுப் பாப்பீங்க?" என்று கேளுங்கள். பாகம் மாற்றச் சொன்னால், "எதை வச்சு இதுதான்னு முடிவு பண்ணீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல தொழிலாளி இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அவருடைய சோதனைக்கும் கூலி கொடுங்கள். என்னுடைய 4,200 ரூபாயைக் காப்பாற்ற அந்த மனிதருக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. நான்தான் கொடுக்கவில்லை.

இப்போது என் மாமி காரில் ஏறியதும் முதலில் டேஷ்போர்டைத்தான் பார்க்கிறார். "விளக்கு எரியலையே மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் பிஸ்மி சொல்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பயணங்களையும் அல்லாஹ் இலேசாக்கித் தருவானாக.

வஸ்ஸலாம்.