தீவிலே ஒரு பின் அச்சு



நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கட்சாலில் தமிழ்க் குரல் கேட்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, இத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இத்தீவைக் கடுமையாகத் தாக்கியது. இத்தகைய இடத்தில், நோயாளியை விரைவில் துறைக்குக் கொண்டு சேர்க்க ஒரு ஜீப் பேருதவியாகும். அதன் பின் அச்சு பழுதுற்றால் உதிரிப் பாகம் கப்பலில் வர வேண்டும்; தவறான பாகம் வந்துவிட்டால் மறுபடியும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே, பாகம் வரவழைப்பதற்கு முன்னரே அறிய வேண்டியவற்றை இன்று நாம் காண்போம்.

பின் அச்சின் நடுவில், சிறிய பினியன் பெரிய கிரௌன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரௌன் சக்கரம் பொருத்தப்பட்ட கூட்டினுள் வேறு சில சிறு பற்சக்கரங்கள் உள்ளன. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகம் சுழல்வதற்கு இவையே வழிசெய்கின்றன. இந்த அமைப்பே டிபரன்ஷியல்.

வண்டி இழுக்கும்போது ஊளைச் சத்தம் எழுந்தால் கிரௌன் சக்கரத்தையும் பினியனையும், திரும்பும்போது மட்டும் சத்தம் எழுந்தால் உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களையும் ஐயுற வேண்டும். எண்ணெயை வடித்துப் பாருங்கள். அதில் மின்னும் இரும்புத் துணுக்குகள் மிகுந்திருந்தால் காலம் தாழ்த்துதல் ஆகாது.

கிரௌனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணினால் இரண்டும் கெடும். அன்றியும், இரண்டின் பற்களையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 43 பற்களும் 8 பற்களும் இருப்பின் விகிதம் ஏறத்தாழ 5.38. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பில் முன் அச்சின் விகிதமும் இதுவாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

கழற்றும்போது பேரிங் மூடிகளுக்கு இடம், வலம் என அடையாளமிடுங்கள். அவற்றை இடம் மாற்றிப் பொருத்தலாகாது. புதியவற்றைப் பூட்டிய பின், கிரௌன் பற்களில் சிறிது வண்ணம் பூசிச் சுழற்றுங்கள். தடம் பல்லின் நடுவே விழ வேண்டும். அடிப்பக்கம் விழுந்தால் பினியன் மிக உள்ளே உள்ளது. நுனியில் விழுந்தால் மிக வெளியே உள்ளது. ஷிம் எனும் மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இதனைச் சரிசெய்தல் வேண்டும். பற்களுக்கிடையே உள்ள தளர்வு, வண்டியின் கையேடு கூறும் அளவினதாகவே இருக்கட்டும், கண்ணளவு போதாது.

இத்தனையும் ஒரு நாள் வேலையாக முடியாமல் இரண்டு நாள் ஆகலாம். ஆயினும் அவசரத்தில் பூட்டிய அச்சு, நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்கையில் நின்றுவிட்டால், நாம் மிச்சப்படுத்திய அந்த ஒரு நாளுக்கு என்ன மதிப்பு? பொறுமையுடன் எண்ணுவோம், அளப்போம், பின்னர்ப் பூட்டுவோம்.