முள்ளுக்குள் ஒரு வீடு
(பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கண்ணியமிக்க பெரியோர்களே, தாய்மார்களே, காவிரிக் கரையில் வாழும் நமக்குக் கெண்டை தெரியும், ஜிலேபி தெரியும். இன்று நாம் பேசுவது கடல் மீனைப் பற்றி. தறி ஊரில் கடல் மீன் எதற்கு என்று சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

இந்தோனேசியாவில், சுலாவேசியின் கிழக்குக் கரையை ஒட்டி பாங்காய் தீவுகள் உள்ளன. அங்கே பாங்காய் கார்டினல் என்ற மீன் வாழ்கிறது. ஒரு விரல் நீளம்தான். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகள், வெள்ளைப் புள்ளிகள். ஓடித் தப்ப வேகமில்லை, எதிர்த்து நிற்கப் பல்லும் இல்லை. அல்லாஹ் அதற்குக் கொடுத்த அடைக்கலம் கடல் முள்ளெலி. பெயரில்தான் எலி. பந்து போன்ற உடம்பு முழுக்கக் கறுப்பு ஊசிகள், சில ஓரடி நீளம் வரும். காலில் ஏறினால் உள்ளேயே ஒடிந்துவிடும், விஷமும் உண்டு. மேலே நிழல் விழுந்தால் போதும், ஊசிகளை அந்தப் பக்கம் திருப்பும். அந்த ஊசிக் காட்டுக்குள் இந்த மீன்கள் கூட்டமாக நிற்கின்றன. கறுப்புப் பட்டையும் ஊசியும் ஒன்றாகத் தெரிவதால் கண்டுபிடிப்பது எளிதல்ல.

இந்த மீனில் பிள்ளை வளர்ப்பது தகப்பன். முட்டைகளை வாயில் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் அடைகாக்கும். பொரித்த பிறகும் சில நாள் குஞ்சுகளை வாயிலேயே வைத்திருக்கும். அத்தனை நாளும் பட்டினி. சுப்ஹானல்லாஹ்! பிறகு குஞ்சுகளை வெளியே விடும். மற்ற பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள் பெரும்பாலும் நீரோட்டத்தில் மிதந்து வேறு இடம் போகும். இவை போவதில்லை. நேரே பக்கத்து முள்ளுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் ஒரு விரிகுடாவில் இந்த மீன் அழிந்தால், வெளியிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை.

1990களில் கண்ணாடித் தொட்டி வியாபாரிகள் இதைத் தேடி வந்தார்கள். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பிடித்தார்கள். 2007ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாக அறிவித்தது. இப்போது பண்ணைகளிலும் வளர்க்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மீன் பிடிப்பது குறைந்த இடங்களிலும் எண்ணிக்கை சரிந்தது. கரையோர மக்கள் உணவுக்காகவும் வளர்ப்பு மீன்களின் தீனிக்காகவும் முள்ளெலிகளை அள்ளியதுதான் காரணம். மீனை யாரும் தொடவில்லை, அதன் வீட்டை எடுத்துவிட்டார்கள். அள்ளியவர்களும் ஏழைகளே, அவர்களைத் திட்டுவதற்கு இதைச் சொல்லவில்லை.

நம் மன்னார் வளைகுடாவிலும் இதே கதை நடந்தது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பாறை போன பிறகு அதை நம்பியிருந்த மீன்கள் எங்கே போகும்?

இப்போது காரணத்துக்கு வருகிறோம். யத்தீம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மனு கொடுக்கும் தாய்மார்கள், "கட்டணம்தானே கேட்டோம், வீட்டு வாடகை பாக்கி எவ்வளவு என்று ஏன் கேட்கிறீர்கள்?" என்கிறார்கள். சங்கடமான கேள்விதான். ஆனால் கட்டணம் கட்டிய மூன்றாவது மாதம் வீட்டைக் காலி செய்து வேறு ஊருக்குப் போய், படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஆகவே வாடகை, மின்கட்டணப் பாக்கி, தறிக்கூலிக்கு வாங்கிய முன்பணம் மூன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்தில் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வெளியில் யாருக்கும் தெரியாது, அது அமானிதம். ரமலானுக்கு முன்பே மனுக்கள் வந்துவிட்டால் நல்லது.