கம்பெனி பெயரோடு நின்றுவிட்டால்

கம்ப்யூட்டரை ஆன் பண்ணினால் கம்பெனி பெயர் வருகிறது. அதோடு சரி, அப்படியே நிற்கிறது. உடனே, "விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுங்க" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். அவசரப்படாதீர்கள்.

விண்டோஸ் எழும் முன்பே மதர்போர்டானது ரேம், கீபோர்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஆஜர் எடுக்கும். ஒன்று பதில் சொல்லாவிட்டாலும் அங்கேயே காத்து நிற்கலாம். அதனால் முதலில் யூஎஸ்பியில் செருகியிருக்கும் பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் உருவிவிட்டுப் பாருங்கள். பல வீடுகளில் விஷயம் இதோடு முடிந்துவிடும்.

இல்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, தூசு தட்டி, 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். ஆன் ஆன பிறகு தேதி ஏதோ பழைய வருஷத்தைக் காட்டினால், உள்ளே இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஹார்டுடிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் மறுபடி ஆன் பண்ணாதீர்கள். மெக்கானிக்கிடம் கொடுத்து, முதலில் போட்டோக்களைக் காப்பி எடுக்கச் சொல்லுங்கள்.