பிள்ளைகளைக் கேட்டோமா?

நகரியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஸ் பிடித்துத் திருப்பதிக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளே!

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பறையில் எப்படிப் படிக்க விரும்புகிறார்கள் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் நாம் என்ன கேட்கிறோம்? "டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா? எத்தனை மார்க்?" அவ்வளவுதான். "உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் புரியுது?" என்று கேட்ட தகப்பன் இந்த அரங்கத்தில் எத்தனை பேர்? அதைக் கேட்ட ஆசிரியர் எத்தனை பேர்?

என் வகுப்பில் நான் கேட்கிறேன். பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்வேன். அதிகமாக வரும் பதில், "நோட்ஸ் குடுங்க சார், முக்கியமான கேள்வி சொல்லுங்க." அதற்கடுத்து, "செஞ்சு காட்டுங்க." பிறகு, "பக்கத்துல இருக்கறவன் சொன்னா சீக்கிரம் புரியுது." "ஒரு தடவ தமிழ்ல சொல்லுங்க." ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிற சீட்டு ஒன்று உண்டு: "தப்பா சொன்னா எல்லார் முன்னாடியும் திட்டாதீங்க."

முதல் பதிலைப் பார்த்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்தாம் வகுப்பில் 600 மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையை எடை போடுகிறோம். அது முடியுமுன்பே எந்தக் கோச்சிங்கில் சேர்ப்பது என்று முடிவு செய்துவிடுகிறோம். இந்தத் திருப்பதியில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படம். அப்படியொரு ஊரில் வளரும் பிள்ளை நோட்ஸ் கேட்காமல் வேறு என்ன கேட்பான்? அவன் விருப்பம் என்று நாம் சொல்வது, நாம் வைத்த தேர்வு அவன் வாய்வழியாகப் பேசுவது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிடித்த முறையில் படித்தால் நன்றாக ஏறும் என்பது எப்போதும் உண்மை இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களை வைத்து நடத்திய ஒரு சோதனை 2019இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நல்ல பேச்சாளர் ஒருவர் தெளிவாக விரிவுரை ஆற்றினார். இன்னொரு பிரிவு அதே பாடத்தைக் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் படித்தது. "நிறையக் கற்றுக்கொண்டோம்" என்று சொன்னவர்கள் விரிவுரை கேட்டவர்கள். பரீட்சையில் அதிகம் எடுத்தவர்கள், தாங்களே போராடிக் கணக்குப் போட்டவர்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்து, புத்தகத்தை மூடிவிட்டு, மூன்று முறை தாமே எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். கண்ணால் படிக்கும் பிள்ளை, காதால் படிக்கும் பிள்ளை என்று பிரித்துப் பயிற்சி முகாம்களில் சொல்கிறார்களே, அந்தப் பிரிவினைக்குத் தக்க ஆதாரம் இல்லை என்று 2008லேயே உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அந்தப் பிரிவினையை விட்டுவிடுவோம்.

அப்படியானால் பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாமா? கேட்க வேண்டும். கேட்டு, அந்தச் சீட்டுகளில் எது பயத்தால் வந்தது, எது பசியால் வந்தது என்று பிரித்தறிய வேண்டும். "நோட்ஸ் குடுங்க" என்பது பயம். "செஞ்சு காட்டுங்க" என்பது பசி.

அந்தப் பசிக்குச் சோறு போட்டவர்கள் நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். ஆந்திரமும் தமிழகமும் கர்நாடகமும் சந்திக்கும் குப்பத்துக்குப் பக்கத்தில், குடிவங்காவில், அகஸ்தியா அறக்கட்டளையின் வளாகம் 172 ஏக்கரில் இருக்கிறது. அந்த அறக்கட்டளையை ராம்ஜி ராகவன் 1999இல் தொடங்கினார். வெறும் பொட்டல் காடாகக் கிடந்த இடம் இன்று பச்சைப் பசேல் என்றிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து கையால் தொட்டு அறிவியல் படிக்கிறார்கள். வர முடியாத ஊர்களுக்கு வேனில் ஆய்வுக்கூடம் போகிறது. வேன் நுழையாத ஊருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: அங்கே மாணவர்களையே பயிற்றுவித்து மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விடுகிறார்கள். "பக்கத்துல இருக்கறவன் சொன்னா புரியுது" என்ற சீட்டுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, ரிஷிவேலி பள்ளி. அந்தக் கல்வி நிலையத்தைத் தந்த சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். சென்னையில் படித்த நாட்களில் மந்தப் பையன் என்று வாத்தியாரிடம் அடி வாங்கியவர் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பாடத்தை அட்டை அட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படி ஏறும்படி ஒரு முறையை வகுத்தார்கள். சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து 2003இல் தங்கள் பள்ளிகளில் தொடங்கியதுதான், பிறகு தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல். நம் ஊர் நாற்றங்காலில் விட்ட பயிர் அது! ஆனால் தொடக்க வகுப்புகளுக்கு மேலே அந்தப் பயிர் ஏன் வாடிப்போகிறது? ஒன்பதாம் வகுப்பு வந்ததும் கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்காரச் சொல்கிறோமே, ஏன்?

பெரிய வளாகம் எல்லாப் பள்ளிக்கும் வராது. வர வேண்டியதும் இல்லை. தனி ஊசல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நூல், நுனியில் ஒரு சைக்கிள் நட்டு. ஆட்டிவிடுமுன் நான் கேட்பேன்: "இதே நூலில் மூன்று நட்டு கட்டினால் வேகமாக ஆடுமா, மெதுவாக ஆடுமா, அதேபோல ஆடுமா? கை தூக்குங்கள்." பாதி வகுப்புக்கு மேல் "வேகமா" என்று கை தூக்கும். எல்லோர் கையையும் கரும்பலகையில் எண்ணி எழுதிவிட்டுத்தான் ஆட்டுவோம். ஒரு பிள்ளை எண்ண, ஒரு பிள்ளை செல்போனில் நேரம் பார்க்கும். பத்து முழு அலைவுக்கு ஏறக்குறைய 20 விநாடி. மூன்று நட்டு கட்டினாலும் அதே 20. வகுப்பு ஒரு நிமிடம் அப்படியே வாயடைத்துப் போகும். உடனே, "சார், திரும்ப எண்ணுங்க, தப்பா எண்ணிட்டாங்க" என்று கூச்சல். திரும்ப எண்ணுவோம். பிறகு நூலை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் பத்து அலைவு 10 விநாடியில் முடிந்துவிடும். நீளம் கால் பங்கானால் நேரம் பாதியாகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். சூத்திரத்தை அதற்கப்புறம் பலகையில் எழுதினால் போதும். தப்பாகக் கை தூக்கிய யாரும் அன்று திட்டு வாங்குவதில்லை. வகுப்பே சேர்ந்து தப்பு செய்து, வகுப்பே சேர்ந்து திருத்திக்கொள்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆந்திரத்தில் நம் பிள்ளைகள் கையில் இருக்கும் இருமொழிப் பாடநூலில் ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தெலுங்கு. நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறேன். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் குப்பத்துப் பிள்ளைக்கும் நகரிப் பிள்ளைக்கும் இரண்டு பக்கமுமே வெளியில் கற்ற மொழி. அவனுக்கு ஒரே ஒரு வாக்கியம் அம்மா பேசும் மொழியில் கிடைத்தால் அந்தப் பாடம் அவனுடையது ஆகிவிடுகிறது. தெலுங்கு ஆசிரியர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பாடம் புரிந்த மாணவனைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லவிட்டால் போதும். தமிழில் பேசிக்கொள்வதைக் குற்றமாக்கி அபராதம் போடுகிற பள்ளிகள் அந்த வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். "என் பிள்ளை இந்த மாதம் வகுப்பில் ஒரு கேள்வியாவது கேட்டதா?" என்று விசாரியுங்கள். ஆசிரியத் தோழர்களே, அந்தத் துண்டுச் சீட்டை இந்த வாரமே உங்கள் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். தலைமை ஆசிரியப் பெருமக்களே, வாரத்தில் ஒரு பீரியடை, தேர்வுக்குத் திருப்புதல் என்று யாரும் பிடுங்கிக்கொள்ளாதபடி, செய்து பார்ப்பதற்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். ஆய்வுக்கூடத்துச் சாவியை உங்கள் மேசை டிராயரிலிருந்து எடுத்து அறிவியல் ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள்.