மாத்திரைக்கும் ஒரு பாஸ்புக்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். அந்தக் கண்ணோடு அரசு மருத்துவமனையைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நம்மில் பலர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் மாத்திரை வாங்குகிறோம். சீட்டு எழுதிய டாக்டர் நினைவில் இருப்பார். அந்த மாத்திரை கவுண்டருக்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா?

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. வந்த சரக்கு முதலில் கிடங்கில் நிற்கும். அதில் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகே வெளியே வரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வருடத்துக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கீடு. எடுக்க எடுக்கப் பற்று. நம் வங்கிப் புத்தகம் போலத்தான். பிறகு கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துக் கழகங்கள் அமைத்தன.

இதை நடத்துபவர்கள் கிடங்கு அலுவலர், மருந்தாளுநர், கணக்கர், டிரைவர், சுமை தூக்குபவர். இருப்பு குறைவதைக் கவனித்து முன்கூட்டியே இண்டென்ட் போடாவிட்டால், எவ்வளவு பெரிய டாக்டர் எழுதினாலும் "வெளியில வாங்கிக்குங்க" என்ற பதில்தான். முதலில் காலாவதியாகும் பெட்டியை முதலில் எடுக்காவிட்டால் நம் வரிப்பணம் குப்பைக்குப் போகும். இரண்டு பேர் வேலையை ஒரே மருந்தாளுநர் பார்த்தால், எதை எப்போது சாப்பிடுவது என்று விளக்க அவருக்கு நேரம் இருக்காது. காலை மாத்திரையை நாம் இரவிலும் போட்டுக்கொள்ளும் ஆபத்து அங்கே தொடங்குகிறது.

நிர்வாகச் செலவு வீண், அந்தப் பணத்தில் இன்னும் டாக்டர் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். டாக்டர் வேண்டும்தான். ஆனால் கேஷியர் இல்லாத வங்கியில் நாலு மேனேஜர் இருந்து என்ன பயன்?

இரண்டு வேண்டுகோள். சங்கம் அடுத்த முறை கலெக்டருக்கு மனு எழுதும்போது, டாக்டர் பணியிடத்தோடு மருந்தாளுநர், லேப் டெக்னீசியன், துப்புரவுப் பணியாளர் காலியிடங்களையும் நிரப்பக் கேட்போம். அடுத்து, மாத்திரை இல்லை என்றால் கவுண்டரில் இருப்பவரிடம் சண்டை போடாதீர்கள். மருந்தின் பெயரையும் தேதியையும் குறித்து நம் செயலாளரிடம் கொடுங்கள்; 104 எண்ணுக்கும் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேலே கேட்க முடியும்.